விரிசல் விழாத தளம்

பயப்படுவதற்குக் கூலி கொடுக்கும் ஊர் ஒன்று இருந்திருந்தால் இசக்கிப்பாண்டி இந்நேரம் சொந்த வீடு கட்டியிருப்பான். இல்லாததால், கேரளத்தில் வித்துரா பக்கம் செல்லபாயின் வீட்டுக்கு மாடி எடுக்கும் வேலைக்கு வள்ளியூரிலிருந்து வந்து, அவள் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் கூட்டாளி ஜெபசிங்கோடு தங்கியிருந்தான்.

வடக்கே ஒரு துறைமுக ஊரில் வேலை பார்த்துவிட்டு வந்த ஜெபசிங்குக்குப் போன மாதம் குளிர்காய்ச்சல் வந்து போயிருந்தது. இப்போது திரும்பவும் பிடித்தது. மலேரியா. அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த கையோடு செல்லபாயின் மருமகள் அஜிதாவுக்கும் அதேதான் என்றார்கள். அக்கம்பக்கத்திலும் இரண்டு பேர் படுத்தார்கள். தமிழன்மார் கொண்டுவந்த காய்ச்சல் என்று ஊர் பேசியது. அப்படித்தான் என்று உறுதியானால் கொட்டகையைக் காலி செய்துவிடு என்று செல்லபாயும் சொல்லிவிட்டாள்.

கொசு வளரும் இடம் தேடி சுகாதார ஆய்வாளர் ஆதிரா நீளக் கரண்டியோடு வந்தபோது, வழிகாட்ட முந்தியவன் இசக்கிப்பாண்டி. குற்றவாளி வெளியே எங்காவது அகப்பட்டால் கொட்டகை தப்பும். கைப்பேசியில் காணொளி பார்த்துப் பார்த்து அவன் பாதி டாக்டராகி, கொசுவலை கட்டுங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். ரப்பர் தோட்டத்தில் பால் வடிக்கும் சிரட்டைகளைக் காட்டினான். அதில் வளர்வது டெங்குக் கொசு என்றாள். சாக்கடையைக் காட்டினான். இந்தக் கொசுவுக்கு அழுக்கு ஆகாது, தெளிந்த தண்ணீர்தான் வேண்டும் என்றாள். தெளிந்த தண்ணீரைப் பார்க்கவேண்டுமானால் மாடிக்கு வாருங்கள் என்று பெருமை பொங்க அவனே ஏணியைச் சாத்தினான்.

புதுக் கான்கிரீட் தளம் காயாமலிருக்கப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். அந்தப் பொறுப்பு அவனுடையது. போதும், பாத்தியை உடைத்துவிடு என்று மேஸ்திரி சொல்லி வெகுநாளாயிற்று. மயிரிழை விரிசல் விழுந்தாலும் தன் தலை உருளும் என்று அவன் நிரப்பிக்கொண்டே இருந்தான். மழை பெய்த நாளிலும் நிரப்பினான்.

ஆதிரா மொண்டாள். தண்ணீரின் மேல் படுத்தாற்போல் குட்டிப் புழுக்கள் மிதந்தன. அடுத்த பாத்தியிலும் அதே. ஏணியின் பாதியில் நின்று செல்லபாய் எட்டிப்பார்த்தாள்.

"இதாணு அண்ணா, நம்ம ஆளு," என்றாள் ஆதிரா. ஜெபசிங்கின் ரத்தத்திலிருந்த கிருமியை இந்தக் கொசுதான் எடுத்து ஊருக்குப் பரிமாறியிருக்கிறது என்று விளக்கினாள்.

ஊருக்கெல்லாம் கொசுவலைப் பிரசங்கம் செய்தவன் தலைக்கு மேலே பண்ணையே வைத்திருந்திருக்கிறான், வேளாவேளைக்குத் தண்ணீர் காட்டி.

"மேஸ்திரி எப்பமோ ஒடைக்கச் சொன்னது ஒள்ளதாடே?" என்றாள் செல்லபாய்.

"ஒள்ளதுதான்க்கா. தளம் வெடிச்சிருமோன்னு பயம். மூட்டையக் கட்டிருதேன்."

செல்லபாய் மிச்சப் படிகளையும் ஏறி மேலே வந்தாள்.

"தண்ணி நெறஞ்சு கெடக்கு, ஒரு பொடி வெடிப்பில்லன்னு அயல்காரிகள்ட்ட பெருமையடிச்சது நாந்தானடே. நீ மட்டும் எங்க போவ? மம்மட்டிய எடு."

பிறகு வேலியோரம் கூடியிருந்தவர்களைப் பார்த்து, கொசு வளர்ந்தது எங்கள் மாடியில்தான், இனி அந்தப் பிள்ளைகளை ஒன்றும் சொல்லவேண்டாம் என்று கேட்கும்படி சொன்னாள். இசக்கிப்பாண்டி ஓங்கிப் போட்டான். பாத்தி உடைந்து, ஒரு மாதத் தண்ணீர் மொத்தமும் கீழே கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவனுடைய ஒரே நல்ல சட்டையின் மேல் இறங்கியது.