குடிலில் தூவிய பனி

காலையிலிருந்து மூன்று முறை வலிப்பு வந்து வெட்டி இழுத்துவிட்டு, ஜாய்ஸ் இப்போதுதான் அடங்கிக் கிடந்தாள். மூன்று வயதுப் பிள்ளை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பாதிகூட இல்லை. டாக்டர் கவிப்ரியா ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தகப்பனையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரத்தத்துல ஈயம் ஏகத்துக்கு இருக்கு. எப்படி உள்ள போச்சு? அத நிறுத்தலேன்னா நான் மருந்து குடுத்தும் பிரயோஜனம் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஈயமா? ஈயச் சொம்புகூட வீட்ல கெடையாதே டாக்டர்,” என்றாள் விண்ணரசி.

அவள் புருஷன் குழந்தைராஜுக்குப் பகீரென்றது.

கெட்டவனா என்றால், ஐயோ, ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷன். ஆனால் கிறிஸ்துமஸ் குடில் என்று வந்துவிட்டால் அவனுக்குக் கண்மண் தெரியாது. குடவாசல் பக்கம் அவர்கள் பங்குக் கோயிலில் சிறந்த குடிலுக்குப் பரிசு உண்டு. போன வருஷம் அதே பங்கைச் சேர்ந்த ஆண்டனி பஞ்சை ஒட்டிப் பனி என்று காட்டிப் பரிசைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். இந்த வருஷம் விடுவானா இவன்? மன்னார்குடி பேக்கரியில் கேக்குக்குத் தூவுகிற மாவுச் சர்க்கரை இரண்டு கிலோ வாங்கிவந்து தூவிப் பார்த்தான். வெள்ளையாக இருந்தது, மின்னவில்லை. அங்கேதான் புத்தி கெட்டது.

ஊருக்கு வெளியே, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய பட்டறை ஒன்று மூடிக் கிடந்தது. உலையிலிருந்து வழித்துக் கொட்டிய கசடு, இருபது வருஷ மழையில் நனைந்தும் காய்ந்தும் மேடாகக் கிடந்தது. அந்தக் கறுப்புக் கட்டிகளின் பொந்துகளில் ஊசி ஊசியாக வெள்ளை பூத்திருக்கும். வெயில் பட்டால் கண்ணைப் பறிக்கும். ஈயம்தான் மழையோடும் காற்றோடும் சேர்ந்து அப்படி வேஷம் மாறி நிற்கிறது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? ஒரு வாளி சுரண்டி, நுணுக்கி, சர்க்கரையோடு கலந்து தூவினான். பெத்லகேம் ஜொலித்தது. பரிசும் வந்தது. பட்டறைப் பக்கம் போனால் விண்ணரசி திட்டுவாள் என்று அவளிடம் மூச்சுவிடவில்லை.

இப்போது சொன்னால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் பிள்ளை?

“நான்தாங்க பாவி!” என்று டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டான். “குடிலுக்குத் தூவுன பனி... அது பட்டறைக் கசடுலேர்ந்து எடுத்தது. சக்கரையில கலந்தேன். புள்ள நக்கியிருக்கும்.”

“குடிலை எப்பப் பிரிச்சீங்க?”

“ஜனவரி ஆறு, மூணு ராஜா திருநாளோட பிரிச்சாச்சு. மூணு வாரம் ஆச்சுங்க.”

“அப்ப நக்குனதுல இவ்வளவு ஏறாது. இப்பவும் உள்ள போய்க்கிட்டு இருக்கு. மிச்சப் பொடி எங்க?”

“டப்பாவுல போட்டு அலமாரியில வச்சேன். அடுத்த வருஷத்துக்கு ஆகும்னு...”

விண்ணரசி கத்தவில்லை, அவன் சட்டையைப் பிடிக்கவில்லை. நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

“பேக்கரி சக்கரைன்னு நெனச்சேங்க,” என்றாள் டாக்டரிடம். “வீணாப் போகுதேன்னு பொங்கல்லேர்ந்து தெனம் பால்ல அதத்தான் போடுறேன். சரியாக் கரையலையேன்னு நல்லா ஆத்தி ஆத்திக் குடுத்தேன். ரெஜினுக்கும் அதே டப்பாதான்.”

மூத்தவன் ரெஜின் ஊரில், பக்கத்து வீட்டு ரோஸ்லின் பொறுப்பில் இருந்தான். குழந்தைராஜ் போனை எடுத்தான். இரண்டு தடவை தப்பு நம்பருக்குப் போய், மூன்றாவதில் ரோஸ்லின் எடுத்தாள்.

“அக்கா, ரெஜினுக்கு எங்க வீட்டுச் சக்கரையப் போட்டு எதுவும் குடுத்துடாதீங்க!”

“ஏன் தம்பி? அம்மா வேணும்னு ஒரே அழுகை. உங்க வீட்டு அலமாரியில இருந்த டப்பாவுலேர்ந்துதான் சக்கரை போட்டு, ரெண்டு டம்ளர் பால் ஆத்திக் குடுத்தேன். வயித்த வலிக்குதுன்னு இப்பத்தான் சுருண்டு படுத்தான்.”