இரும்பு சொன்ன பெயர்

இரும்பு என்ற பட்டப்பெயரை அவருக்கு வைத்தவர் அவரேதான். வேறு யாரும் வைக்க முன்வரவில்லை. இன்சூரன்ஸ் அலுவலகத்தில், நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். தான் மட்டும் அந்த நாற்காலியில் இல்லாதிருந்தால் நாடு திவாலாகி, ஜனங்கள் தெருவில் நின்றிருப்பார்கள் என்பது அவருடைய அசைக்க முடியாத கருத்து. தொலைக்காட்சியில் குண்டுவெடிப்புச் செய்தி வந்தால் போதும், சோபாவின் நுனிக்கு நகர்ந்துவிடுவார்.

"இவனுங்களை ரெண்டு தட்டு தட்டினா எல்லாத்தையும் கக்கிடுவான். இதுக்கு எதுக்குக் கோர்ட்டு, வக்கீலு, வாய்தா?"

"உங்களைத் தட்டினா?" என்றார் மனைவி, துணி மடித்தபடியே.

"என்னையா? தோலை உரிச்சு உப்பு தடவினாலும் ஒரு வார்த்தை வராது."

"ரத்தப் பரிசோதனைக்கு ஊசியை எடுத்ததும் ஆஸ்பத்திரியே அதிர்ற மாதிரி என் பேரைச் சொல்லிக் கத்தினது யாருங்க?"

"அது வேற டிபார்ட்மென்ட்."

இந்த வீரப்பிரதாபங்களை அட்சரம் பிசகாமல் நம்பிய ஒரே ஜீவன் அவருடைய மைத்துனர். மனைவியின் தம்பி. இரண்டு தெரு தள்ளி வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். வயிறு திறந்து கிடக்கும் மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து, வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம், "எங்க அத்தானைப் பத்தி உங்களுக்குத் தெரியாது, மனுஷன் இரும்பு" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அத்தானின் விளம்பரத்துக்குச் சம்பளம் வாங்காத ஏஜென்ட்.

ஊர் எல்லையில் இருந்த காவல் பயிற்சிக் கல்லூரியில் ஒருநாள் ஆள் தேவைப்பட்டது. சந்தேக நபர்களை விசாரிக்கப் பழகும் மாணவர்கள் முன்னால் தீவிரவாதியாக நடிக்க வேண்டும். அலுவலக ஆண்டு விழா நாடகங்களில் வில்லனாக வந்து, வசனத்தை மறந்து, கதாநாயகனின் வசனத்தையும் சேர்த்துப் பேசிய அனுபவம் இரும்புக்கு இருந்தது. விடுவாரா? முதல் ஆளாகப் போய் நின்றார்.

பயிற்சியின் பொறுப்பாளர் ஒரு பெண் அதிகாரி. மாணவர்கள் மேடம் என்றார்கள். அவர் இரும்பைத் தனியே அழைத்துப் போய், மைதானத்து மூலையில் சக்கரமில்லாமல் நின்ற பழைய ஜீப்பைக் காட்டினார்.

"சீட்டுக்கு அடியில ஒரு பிஸ்கட் டின் இருக்கு. அதான் குண்டு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அலாரம் அடிக்கும். அது எங்க இருக்குன்னு பசங்க உங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கணும். மேல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். உங்களுக்கு முடியலைன்னா 'மழை வருது'ன்னு சொல்லுங்க. உடனே நிறுத்திடுவாங்க."

"மழையா? எனக்கா?" என்று இரும்பு சிரித்தார். "மேடம், பசங்கதான் குடை பிடிக்கணும்."

மேடம் தலைமையகத்தில் ஏதோ கூட்டம் என்று வண்டி ஏறிப் போனார். இரும்பை ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

மாணவர்களின் தலைவனுக்குப் புயல் என்று பெயர். வகுப்பில் முதல் மாணவன், நடையிலேயே அவசரம். அவன் செய்த முதல் காரியம், அறையில் இருந்த ஒரே நாற்காலியை வெளியே தூக்கிப் போட்டது. அடுத்தது, ஏசியைப் பனிக்கரடி வளர்க்கும் அளவுக்குத் திருப்பியது. பிறகு, சுவரைப் பார்த்து நின்று இரண்டு கைகளையும் தோளுக்கு நேராக நீட்டச் சொன்னான். மூலையில் இருந்த ஒலிபெருக்கியில் ஒரு குழந்தை வீரிட்டு அழ ஆரம்பித்தது, நிறுத்தவே இல்லை.

முதலில் இரும்புக்குக் குஷியாக இருந்தது. வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். குளிர் அறை பனிமலையாயிற்று, குழந்தை ஓநாய்க் கூட்டமாயிற்று. மனைவியிடம் சொல்ல வேண்டிய நேரமும் ஒரு பகல் ஓர் இரவு என்று முடிவாயிற்று. அதற்குள் இடது முழங்கால், நான் இந்த நாடகத்தில் இல்லை என்று சொல்லிவிட்டது. தோள்கள் அதை வழிமொழிந்தன.

"எங்கய்யா குண்டு?"

"ஜீப்புல. மைதானத்து ஜீப்புல, சீட்டுக்கு அடியில" என்றார் இரும்பு.

டீ ஆறுவதற்கு ஆகிற நேரம்கூட ஆகியிருக்கவில்லை. புயல் ஒரு கணம் அவரைப் பார்த்தான். பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தான்.

"பார்த்தீங்களா? கேட்ட உடனே சொல்றான். நல்லா பழகின ஆளு. முதல்ல ஒரு பொய்யைத் தூக்கிப் போட்டு நம்மளை அலைய விடுவான். கையைத் தூக்குய்யா!"

"தம்பி, சத்தியமா ஜீப்பு!"

"இன்னும் உசரமா."

உண்மை கையிருப்பில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை யாரும் வாங்கவில்லை. இனி என்ன செய்வது? கேட்கிறவன் முகத்தைப் பார்த்து, அவனுக்குப் பிடித்த சரக்கைக் கொடுக்க வேண்டியதுதான். நூலகம் என்றார். புயலின் புருவம் இறங்கவில்லை. சினிமா தியேட்டர் என்றார், மார்க்கெட் என்றார், ஆஸ்பத்திரி சமையலறை என்றார். மார்க்கெட்டில் புயலின் கண் லேசாக மின்னியதைக் கவனித்து அங்கேயே நங்கூரம் போட்டார். பச்சை சூட்கேஸில் வைத்தேன் என்றார். நம்பட்டுமே என்று, ஒரு பக்கப் பூட்டு உடைந்தது என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அப்படி வா வழிக்கு! சூட்கேஸை யாரு கொடுத்தது?"

இது மேடம் சொன்ன கதையிலேயே இல்லை. 'மழை வருது' என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சொன்னால் தோற்றதாகிவிடுமே, மீசை முளைக்காத பையன்கள் முன்னால்? யோசித்தால் ஒரு பெயரும் வரவில்லை. அன்று காலை வீட்டு வாஷிங் மெஷினைத் தோளில் சுமந்துபோனவரின் முகம் ஒன்றுதான் வந்தது.

"என் மச்சான். வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை" என்றார். கடை இருக்கும் தெருவையும் சொன்னார். பக்கத்துக் கடை எது என்பதையும் யாரும் கேட்காமலேயே சொன்னார்.

உடனே நாற்காலி வந்தது. டீயும் வந்தது. அவ்வளவு ருசியான டீயை அதற்கு முன்னால் அவர் குடித்ததே இல்லை. மச்சான் பெயரைச் சொன்னது அவருக்கு உறுத்தவே இல்லை. நாடகம்தானே? டீயைக் குடித்துவிட்டு, வராந்தா பெஞ்சில் சாய்ந்து குறட்டை விட்டார்.

பயிற்சி மாணவர்களுக்கோ அது நாடகத்தின் அடுத்த காட்சி. மேடம் இரண்டாவது நடிகர் ஒருவரை ஏற்பாடு செய்து கடையில் உட்கார வைத்திருக்கிறார், கண்டுபிடிக்கிறோமா என்று பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு வேனில் பறந்தார்கள். கடையில் ஒரு கூடை நிறைய மெஷின் டைமர்கள், சுருள் சுருளாக ஒயர்கள்.

"மேடம் எவ்வளவு மெனக்கெட்டிருக்காங்க பாருடா!" என்று ஒருவன் வியந்தான்.

மைத்துனர் கும்பிட்டார். "தம்பிகளா, நான் மெஷின் ரிப்பேர் பண்றவன், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கதறினார்.

"இதாண்டா நடிப்பு" என்றான் புயல். "அந்தக் கிழவரும் நடிச்சாரே, சகிக்கலை." அவரை வேனில் ஏற்றிக் கல்லூரிக்குக் கொண்டுவந்தார்கள்.

இரும்பு கண் விழித்தது ஒரு குரலைக் கேட்டுத்தான்.

"எங்க அத்தான் சொல்லியிருக்கவே மாட்டார்! உயிரே போனாலும் சொல்ல மாட்டார்! நீங்க பொய் சொல்றீங்க!"

கதவின் கண்ணாடிச் சதுரத்தில் எட்டிப் பார்த்தார். சுவரைப் பார்த்து மைத்துனர். கைகள் தோளுக்கு நேராக நீண்டிருந்தன. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. காலடியில் ஒரு காலி வாளி. மேல கை வைக்கக் கூடாது என்பதுதானே விதி, வாளித் தண்ணீரை ஊற்றினால் கை வைத்ததாகுமா என்று ஒரு மாணவன் சந்தேகம் கேட்டிருக்கிறான். தண்ணீருக்கு ஏது கை என்று தீர்ப்பாகியிருக்கிறது. அத்தான் மேல் நம்பிக்கை வைத்துப் பேசும் ஒவ்வொரு முறையும் ஒரு வாளி. மனுஷன் தனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையையும் சொல்லிப் பார்த்துவிட்டார். மழையைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்ததாகத்தான் இரும்பு பின்னாளில் சொல்லிப் பார்த்தார். சொல்லும்போதே அவருக்கே சிரிப்பு வந்துவிடும். உண்மையில் அவர் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். தான் காட்டிக்கொடுத்தது தெரியாமல் மச்சானை எப்படி மீட்பது என்று திட்டம் போட்டார். நெஞ்சுவலி வந்தது போல விழலாமா? கல்லூரி அலுவலகத்துக்குத் தீ வைக்கலாமா? திட்டங்கள் வரிசையில் நின்றன, கால்தான் நகரவில்லை.

அதற்குள் புயல் வெளியே வந்தான். முகம் ஜொலித்தது.

"ஒத்துக்கிட்டான்! பச்சை சூட்கேஸ், உடைஞ்ச பூட்டு, மார்க்கெட், எல்லாம் நீங்க சொன்னதோட அப்படியே பொருந்துது!"

"தம்பி, அவன் நடிகன் இல்லப்பா. என் சம்சாரத்தோட தம்பி. நிஜமாவே மெஷின் ரிப்பேர் பண்றவன்."

ஐயோ தப்பாகிவிட்டதே என்று பையன் பதறுவான் என எதிர்பார்த்தார். பையன் பதறத்தான் செய்தான், ஆனால் வேறு திசையில்.

"நடிகன் இல்லையா? அப்போ... நிஜமாவே வெச்சிருக்கானா?"

அவன் மேடத்துக்குப் போன் செய்து, சூட்கேஸ், உடைந்த பூட்டு என்று எல்லாவற்றையும் ஒப்பித்தான். நான் வரும்வரை எதையும் செய்யாதே என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், தீவிரவாதத் தடுப்புப் பிரிவுக்கும் போன் போட்டுவிட்டான். அவர்கள் வண்டி கிளம்பிவிட்டது. அந்த வண்டியில் ஏறிப்போனவர்கள் எப்போது வீடு திரும்புவார்கள் என்பது அவர்கள் வீட்டுக்கும் தெரியாது, சில சமயம் நீதிபதிக்கும் தெரியாது.

இரும்பு அறைக்குள் போனார்.

"குண்டும் இல்ல, சூட்கேஸும் இல்ல. எல்லாம் நான் விட்ட கதை. நிக்க முடியலை, அதனால இவன் பேரைச் சொல்லிட்டேன்."

"சொந்தக்காரனைக் காப்பாத்தப் பார்க்கிறார்" என்றான் புயல்.

"அத்தான், இவங்களுக்காகப் பொய் சொல்லாதீங்க" என்றார் மைத்துனர், சுவரைப் பார்த்தபடியே.

வாழ்நாள் முழுக்கத் தைரியசாலி என்று நிரூபிக்கப் பாடுபட்ட மனிதர், இப்போது கோழை என்று நிரூபித்தாக வேண்டும். நேரமும் இல்லை. இரும்பு மடைதிறந்தார். ஊசியைப் பார்த்துக் கத்தியதைச் சொன்னார். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் கட்டில் மேல் ஏறி மனைவியைக் கூப்பிடுவதைச் சொன்னார். டிராஃபிக் போலீஸ் கை காட்டி நிறுத்தி வழி கேட்டபோது, கேட்காமலேயே லைசென்ஸ் காலாவதியானதை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியதைச் சொன்னார். மேலதிகாரி இருமினாலே தப்பு என் மேலதான் என்று எழுந்து நின்ற காலத்தைச் சொன்னார்.

"ஏசியை இன்னும் கொஞ்சம் குறைங்க தம்பி, நிலாவுல குண்டு வெச்சதும் நான்தான்னு சொல்றேன். உங்க தாத்தாவுக்குக் காய்ச்சல் வர வெச்சதும் நான்தான்."

மாணவர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். புயல் சிரிக்கவில்லை.

"பச்சை சூட்கேஸ்?"

"அது என் கல்யாண சூட்கேஸ்யா! எங்க கட்டிலுக்கு அடியில, பழைய போர்வையோட கிடக்கு."

மைத்துனர் மெல்லக் கைகளை இறக்கினார். திரும்பினார். அக்கா கல்யாணத்தன்று அந்த சூட்கேஸைத் தலையில் சுமந்து வந்தவர் அவர்தான்.

"சூட்கேஸ்னு இவங்க கேட்டப்பவே நம்ம வீட்டுதுதான் ஞாபகம் வந்துச்சு அத்தான்" என்றார். "இருந்தாலும் நம்பலை."

அப்போதுதான் மேடம் உள்ளே வந்தார். வாளியைப் பார்த்தார், ஈரச் சட்டையைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"உடைஞ்ச பூட்டைப் பத்தி இவரா சொன்னாரா, நீங்க கேட்டு ஆமான்னாரா?"

புயல் வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"நாங்கதான்... கேட்டோம் மேடம். ஆனா கும்பலோட தலைவன் யாருன்னு நாங்க சொல்லலை. அவரே சொன்னார். பேரு, வயசு, எல்லாம்! ஆள் தலைமறைவா இருக்கான்."

பெயரைச் சொன்னான். இரும்புக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அது என் மாமனார். செத்துப் பல வருஷம் ஆச்சு."

"எங்க அப்பா" என்றார் மைத்துனர். "யார் பேரையாவது சொல்லாம விட மாட்டேன்னாங்க."

இரும்புக்கு முதலில் வந்தது வெட்கம் கூட இல்லை, பொறாமை. இந்த யோசனை தனக்கு ஏன் வரவில்லை? எத்தனை செத்தவர்கள் இருந்தார்கள், வரிசையாகச் சொல்லியிருக்கலாமே! வெட்கம் அதற்குப் பின்னால், நிதானமாக வந்து, நன்றாகக் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது.

மேடம் தடுப்புப் பிரிவை அழைத்து, போனைப் புயலிடமே நீட்டினார். இறந்துபோனவரைத் தலைவனாக்கிய விஷயத்தை அவன் வாயாலேயே சொல்ல வைத்தார். பாதி வழியில் வண்டி திரும்பிப் போயிற்று. அந்த நேரம் மைதானத்து ஜீப்பிலிருந்து அலாரம் அடிக்க ஆரம்பித்தது. எடுக்கப் போக ஒருவருக்கும் கால் வரவில்லை. அது தானாக ஓய்ந்தது.

"நீங்க புகார் கொடுக்கணும்" என்றார் மேடம் மைத்துனரிடம். "என் பேரையும் சேர்த்துக் கொடுங்க. இவங்களை விட்டுட்டுப் போனது நான்."

"கொடுக்கிறேன்" என்றார் மைத்துனர். "ஆனா பேர் சொன்னது யாருன்னு கேட்பாங்களே?"

"நான்தான்னு எழுதிக்க" என்றார் இரும்பு. "நானே வந்து சொல்றேன்."

பேருந்தில் கூட்டம் இல்லை. மைத்துனர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். இரும்பு பக்கத்தில் உட்காரத் தயங்கிப் பின் இருக்கையில் உட்கார்ந்தார்.

"நடுவுல கொஞ்ச நேரம்," என்றார் மைத்துனர், திரும்பாமல், "நான்தான் வெச்சிருப்பேனோன்னு எனக்கே தோணிப்போச்சு அத்தான்."

இரும்பு முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எவ்வளவு நேரம் தாங்குனீங்க?"

ஒரு பகல் ஓர் இரவு என்ற பதில் காலையிலிருந்தே தயாராக இருந்தது. பனிமலையும் ஓநாய்களும்கூட இருந்தன. இரும்பு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"டீ ஆறுற நேரம் கூட இல்லடா."

மைத்துனரின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. கொஞ்சம் கழித்து மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்:

"அடுத்த தடவை அப்பா பேரைச் சொல்லுங்க அத்தான். அவருக்கு வலிக்காது."