திருப்புளியின் மறுமுனை

...ஆல்டர்நேட்டர் இல்லை, இல்லவே இல்லை, ஃபேன் பெல்ட்டையே கழற்றி வைத்துவிட்டுத்தான் எஞ்சினை ஓடவிட்டிருக்கிறேன், ஆல்டர்நேட்டரும் சுற்றவில்லை, தண்ணீர்ப் பம்பும் சுற்றவில்லை, அப்படியும் ஙீ... என்று அதே சத்தம், எங்கிருந்துதான் வருகிறாய் சனியனே. நீளத் திருப்புளியின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்திக் கேட்கிறேன், மேல்மூடியில் வைத்தால் ஙீ, பக்கவாட்டில் வைத்தால் ஙீ, கியர்ப் பெட்டியில் வைத்தாலும் ஙீ, எங்கே வைத்தாலும் ஒரே அளவு, கூடவும் இல்லை குறையவும் இல்லை. கோளாறு இருக்கிற இடத்தில் சத்தம் தூக்கலாகக் கேட்க வேண்டுமே, முப்பத்தொரு வருடம் செம்பனை எண்ணெய் ஆலையில் டர்பைன் பக்கத்தில் நின்றவனுக்கு இது தெரியாதா? ஆனால் இருபத்தெட்டு வருடத்து இரும்பு, பழசாகிவிட்டால் சத்தம் எல்லா இடத்துக்கும் பரவத்தான் செய்யும்... பம்பு இல்லாமல் ரொம்ப நேரம் ஓடினால் சூடேறிவிடும், சாவியைத் திருப்பி அணைத்தேன். அணைத்த உடனே எதிரே லிங்கின் மாடியிலிருந்து அந்தக் குருவிச் சத்தம் வந்து தலையில் ஏறிக்கொண்டது, வீட்டை இடித்து மூன்று மாடி கட்டி, ஜன்னலே வைக்காமல், சூப்புக்கு விற்கும் கூட்டுக்காகக் குருவி வளர்க்கிறான், குருவியை அழைக்க விடிந்ததிலிருந்து ஒலிபெருக்கியில் கீச்சு கீச்சு, மனிதன் ஒரு எஞ்சினை நிம்மதியாகக் கேட்க முடிகிறதா?

என் பெண்டாட்டி பூங்காவனத்துக்கு எதுவும் கேட்கவில்லையாம். முதல் நாளே வந்து பானெட் பக்கம் காதை நீட்டிவிட்டு, "ஒன்னுமே கேக்கலங்க, வண்டி நல்லாத்தான் இருக்கு, நீங்களா எதையாச்சும் கெளப்பாதீங்க" என்றாள். அவளுக்கு என்ன தெரியும், ஆலையில் பொறியாளரே என்னைக் கூப்பிட்டுத்தான் கேட்பார், காத்தையா, இதுல எந்தப் பேரிங் போச்சு, சொல்லு... எல்லாருக்கும் காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தார்கள், நான் ஒருநாள்கூட வைத்துக்கொண்டதில்லை, காதை அடைத்துக்கொண்டால் இயந்திரம் பேசுவது எப்படிக் கேட்கும் என்று பெருமை. போன வாரம் லிங்கிடமும் சண்டைக்குப் போனேன், ராத்திரி மூன்று மணிக்கும் உன் குருவி கத்துது, மனுசன் தூங்க வேணாமா என்று. அவன் வாயிலிருந்த கடலையைக்கூட விழுங்காமல் மலாயில் சொன்னான், "ஒம்பது மணிக்கே அணைச்சிடறேன் லா காத்தையா, குருவியும் தூங்கணும்ல?" பொய்க்காரப் பயல். படுக்கையில் புரண்டு புரண்டு கேட்டுக்கொண்டிருக்கிறவன் நான், என்னிடமே சொல்கிறான்.

சத்தத்தைக் கேட்டும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், இவர்களுக்குத் தெரியாது. அப்போதும் இதே வண்டிதான், பெல்ட் பக்கம் ஒரு முனகல், நாளைக்குப் பார்க்கலாம் என்று மூன்று நாள் தள்ளினேன், கிள்ளான் ஆஸ்பத்திரியில் அண்ணன் என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கிடந்தார், பீடோர் தாண்டியதும் பெல்ட் அறுந்தது, நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிக் காற்றில் நின்றுகொண்டே போனில் கேட்டேன், முடிஞ்சிருச்சி, மெதுவாவே வாங்க என்று. இனி அப்படி நிற்கமாட்டேன். வருகிற சனிக்கிழமை பிரசவம் என்று டாக்டர் நாள் கொடுத்திருக்கிறார் மகள் புனிதாவுக்கு, ஜொகூரில் தனியாகக் கிடக்கிறாள், மாப்பிள்ளை கடலுக்கு நடுவே எண்ணெய் மேடையில், அடுத்த வாரம்தான் இறங்குவார். "அப்பா, ரெண்டு பேரும் முன்னாடியே வந்துருங்கப்பா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள், என் பிள்ளை பயம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. வர்றேன்மா, வண்டிய மட்டும் பார்த்துட்டு வர்றேன் என்றேன், பதினோரு நாள் ஆகிறது. இன்று காலை பூங்காவனம் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். "நாளைக்கு மொத பஸ்ல நான் போறேன், நீங்க வண்டியோடவே குடும்பம் நடத்துங்க."

ஆகவே மிச்சம் ஒன்றுதான், டைமிங் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் உருளை, போன சனிக்கிழமை புதிதாகத்தான் போட்டேன், புதிதும் மட்டமாக இருக்கலாம் இல்லையா, கையால் சுற்றினால் வெண்ணெய் மாதிரி சுற்றியதே... இருந்தால் என்ன, கழற்று. மூடியை எடுத்தேன், ஸ்பேனரை மாட்டி இழுத்தேன், அசையவில்லை, நான்தானே இறுக்கினேன், கோபத்தில் எவ்வளவு இறுக்கினேனோ, ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி முழு உடம்பையும் போட்டுத் தொங்கினேன், டப். கை லேசாகிவிட்டது. போல்ட்டின் தலை மட்டும் ஸ்பேனரோடு வந்திருக்கிறது, உடம்பு எஞ்சினுக்குள்ளேயே. துளைபோட்டு எடுக்க வேண்டும், இரண்டு நாள், பட்டறைக்கு இழுத்துப்போக வேண்டும், வியாழன், வெள்ளி... அட பாவி, காலையில் ஓடிக்கொண்டிருந்த வண்டியடா. சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, ஐம்பது வயதுக்கு மேல் இப்படி வரும் என்று நினைத்ததில்லை.

அப்போதுதான் கரண்ட் போனது. வீட்டுக்குள் காற்றாடி நின்றது, டிவி நின்றது, எதிரே மாடியில் குருவிச் சத்தம் பாதிக் கீச்சில் அறுந்து நின்றது. தெருவே மூச்சை நிறுத்தியதுபோல. லிங் வாசலுக்கு வந்து மீட்டர் பெட்டியைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தான். பூங்காவனம் முந்தானையால் விசிறிக்கொண்டே வெளியே வந்தாள், "அப்பாடா, காதே குளுந்து போச்சு, பாத்தீங்களா என்னா அமைதி!" நான் அவளைப் பார்த்தேன். ஙீ... வண்டி பிரிந்து கிடக்கிறது, ஓடவில்லை. ஒலிபெருக்கி நின்றுவிட்டது. ஙீ... இரண்டு கையாலும் காதைப் பொத்தினேன், பொத்தியதும் அது கிட்டே வந்தது, நன்றாக, தூக்கலாக. ஒம்பது மணிக்கே அணைச்சிடறேன் லா காத்தையா. அப்படியானால் எத்தனை நாளாக, எத்தனை வருடமாக... எதைத்தான் நான் கழற்றிக்கொண்டிருந்தேன்?

"என்னங்க! போனு அடிக்குதுல்ல, பக்கத்துலயே வச்சிக்கிட்டுக் காதப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க!" பாட்டரி மேல் வைத்திருந்த போன், அவள் பாய்ந்து எடுப்பதற்குள் ஓய்ந்துவிட்டது. திரையைப் பார்த்தவள் முகம் வெளுத்தது. "ஒம்போது வாட்டி கூப்பிட்டிருக்கா என் புள்ள, ஒரு மணி நேரமா... ஒங்களுக்குக் காது கேக்கலியா?" அவள் கண் வண்டிக்குப் போனது, பிரித்துப்போட்ட மூடிகளுக்குப் போனது, என் கையிலிருந்த போல்ட் தலைக்குப் போனது. புனிதாவின் எண்ணை அழுத்தி என் கையில் திணித்தாள், "காதுல வைங்க, எடுத்தா வலி வந்துருச்சான்னு கேளுங்க, நான் லிங்கோட வண்டியக் கேக்குறேன்" என்று செருப்புகூடப் போடாமல் தெருவைக் கடந்து ஓடினாள். காதில் வைத்தேன். லிங்கின் கதவருகே நின்று அவள் திரும்பிக் கத்தினாள், "மணி அடிக்குதா? எடுத்துட்டாளா?" இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினேன், அழுத்தினேன், கண்ணை மூடினேன். அந்தப் பக்கம் அடிப்பதா, எனக்குள் அடிப்பதா, எது மணி, எது அது... என் பிள்ளை எடுத்து அப்பா என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளோ? "அடிக்குது" என்றேன்.