இஞ்சினில் இருந்த மிஸ்

1958ஆம் வருடம் ஐப்பசியில் கோடைக்கானல் பூண்டு வியாபாரி நாச்சிமுத்து வாங்கிய பழைய காரின் இஞ்சினுக்குள் கல்யாணமாகாத வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். சிவப்பு வண்டி, கூரை கிடையாது, இரண்டே சீட்டு, பந்தயம் ஓடுவதற்கென்று சீமையில் செய்தது. விற்றவர் பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருந்து ஊர் திரும்பிய துரை. நேர்மையான மனிதர். பானெட்டைத் தட்டிக் காட்டி, “தி இஞ்சின் மிஸ்ஸஸ் ஆன் தி ஹில்ஸ்” என்று மூன்று தடவை எச்சரித்தார். நாச்சிமுத்துவுக்குத் தெரிந்த ஆங்கிலம் எஸ், வெரிகுட், தேங்க்யூ. மூன்று தடவைக்கும் மூன்று பதிலாகச் சரியாக இருந்தது. கூடப் போனவர்கள் “தொரை என்னங்க சொல்றாரு?” என்று கேட்டபோது தெரியாது என்று சொல்ல நாக்கு வளையவில்லை. “இஞ்சின்ல ஒரு மிஸ் இருக்காம். மலையில பாத்து ஓட்டணுமாம்” என்றார். அதுவரை அந்த இஞ்சினில் வெறும் கோளாறுதான் இருந்தது. அன்றையிலிருந்து அவளும் இருந்தாள்.

பெருமாள்மலையில் பட்டறை வைத்திருந்த பழனிமுத்துதான் முதலில் பானெட்டைத் திறந்தவன். “மொதலாளி, மிஸ்ஸிங்னா இஞ்சின் விட்டுவிட்டு அடிக்கிறதுங்க. பொம்பள இல்லீங்க” என்று சொல்லிப் பார்த்தான். “ஏலே, இங்கிலீசு உனக்குத் தெரியுமா எனக்குத் தெரியுமா?” என்றார் நாச்சிமுத்து. பழனிமுத்து குனிந்து எண்ணெய் அளக்கும் கம்பியை உருவினான். அதில் சுற்றிக்கொண்டு முழ நீளத்துக்குச் செம்பட்டை முடி ஒன்று வந்தது. யாரோ கோதிக் காதோரம் செருகிக்கொள்கிற மாதிரி அந்த முடி தானாகவே உள்ளே போனதையும் பார்த்தான். பிறகு அவன் இலக்கணம் பேசவில்லை. ஏற்றத்தில் வண்டி திணறும்போது உள்ளே யாரோ கம்பளிக்குள் முகம் புதைத்து இருமுவது கேட்கும். மூடுபனி நாட்களில் முன்கண்ணாடியின் உட்புறம் மூச்சுப்பட்டு வெளுக்கும். அந்த வெளுப்பில் ஒரு விரல் நிதானமாக எழுதும். எப்போதும் ஒரே எழுத்துகள். கடைத்தெருவில் யார் கேட்டாலும் நாச்சிமுத்து வாசித்துச் சொல்வார்: சித்திரையில் “வருசப் பிறப்பு வாழ்த்து”, ஐப்பசியில் “தீபாவளி வாழ்த்து”, மற்ற நாட்களில் “வெல்கம்”. சீமையிலிருந்து வந்த இடத்தில் ஒரு மிஸ் இவ்வளவு மரியாதை தெரிந்தவளாக இருப்பது ஊருக்கே பெருமையாக இருந்தது.

இந்தப் பெருமையில்தான் அவர் மகள் அன்னக்கொடிக்குப் பழனியில் சம்பந்தம் அமைந்தது. சம்பந்தி தண்டாயுதபாணி, மலையடிவாரத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். பெண்ணைப் பார்த்தார், அதைவிடக் கூர்ந்து காரைப் பார்த்தார். “இங்கிலீசு பேசுற சம்பந்தி, சீமைக் காரு. எங்க வகையறாவுல எவனுக்குக் கெடச்சிருக்கு?” என்றார். பெண் அந்தக் காரில்தான் மண்டபத்தில் வந்து இறங்க வேண்டும். கார் சீர்வரிசையோடு சேர்ந்து மாப்பிள்ளை வீட்டிலேயே நின்றுவிட வேண்டும். நடுவழியில் மணப்பெண் காலைத் தரையில் வைத்தால் அவர்கள் குலத்தில் ஆகாது, கல்யாணம் அத்தோடு நின்றது என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் நாச்சிமுத்து எஸ் என்றார்.

தை மாதம் முகூர்த்தத்தன்று வெள்ளனே புறப்பட்டார்கள். நாச்சிமுத்து ஓட்ட, பக்கத்தில் அன்னக்கொடி. அழைக்க வந்த தண்டாயுதபாணியும் அவர் வீட்டாரும் பின்னால் பஸ்ஸில். பெருமாள்மலை தாண்டி மூன்றாவது வளைவில் இஞ்சின் நாலு தடவை இருமிவிட்டு நின்றது. இறக்கம்தானே, பிரேக்கை எடுத்தால் உருளும் என்று எடுத்தார். உருளவில்லை. பஸ்ஸிலிருந்து பன்னிரண்டு பேர் இறங்கித் தள்ளினார்கள்; மலையைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. கண்ணாடி வெளுத்தது, எழுத்து விழுந்தது.

“என்ன எழுதியிருக்கு சம்பந்தி?”

“வெல்கம்னு.”

“வெல்கம்னா வாங்கங்கிறது. நம்மள வாங்கன்னுட்டு அது ஏன் நிக்குது?”

நாச்சிமுத்து கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். கடைசி எழுத்துகளை மட்டும் கூட்டிக் கூட்டி வாசித்து, “கோல்டுன்னு முடியுது” என்றார். தண்டாயுதபாணிக்கு முகம் மலர்ந்தது. “கோல்டுன்னா தங்கம். கன்னி கழியாதவ, நகை கேக்குறா. கல்யாண வீட்டுல கன்னிக்குச் செய்யாமப் பொறப்பட்டா இப்படித்தான்” என்றார். அன்னக்கொடியின் ஆரத்தையும் ஒட்டியாணத்தையும் கழற்றி பானெட்டின் மேல் வைத்தார்கள். தங்கம் பட்ட இடத்திலிருந்து வெண்பனி பூத்துப் படர்ந்து விளக்குகளை மூடியது. உள்ளே பல் தந்தியடிக்கிற சத்தம் கேட்டது. பஸ்ஸிலிருந்த பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

“வெரசா என்னன்னு கேளுங்க சம்பந்தி, முகூர்த்தம் போகுது. இங்கிலீசுல கேளுங்க!”

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். எஸ் வரவில்லை, வெரிகுட் வரவில்லை. மகளைப் பார்த்தார். கால் இரண்டையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, தரையைப் பார்க்கக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தாள்.

“எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க” என்றார்.

பன்னிரண்டு பேரும் கேட்டார்கள், பஸ்ஸும் கேட்டது. சம்பந்தியின் கை துண்டை உதறத் தூக்கிய இடத்திலேயே நின்றது. அன்னக்கொடிதான் பேசினாள். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள்.

“அது தங்கமில்லப்பா. குளிருதுன்னு எழுதியிருக்கு. ஒண்ணேகால் வருசமா அதத்தான் எழுதுது.”

“தெரிஞ்சா ஏன் தாயி சொல்லல?”

“நீங்க கேக்கலியே.”

பூண்டு மூட்டைக்குப் போர்த்துகிற கறுப்புக் கம்பளி ஒன்று பஸ்ஸின் மேல் கிடந்தது. அதை வாங்கி, சீட்டில் மண்டியிட்டபடியே கண்ணாடிக்கு மேலாகக் குனிந்து, தரையில் கால் படாமல் பானெட்டின் மேல் போர்த்தினாள். ஓரங்களை இடுக்கில் செருகி இரண்டு தட்டுத் தட்டினாள். இஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டுத் தானாகவே கிளம்பியது. விட்டுவிட்டு அடிக்கவில்லை.

பதினொன்றேகால் மணிக்குத் தாலி ஏறியது. இங்கிலீசு தெரியாத சம்பந்தியை ஒத்துக்கொள்ளலாமா என்று தண்டாயுதபாணி பந்தியில் கொஞ்சம் யோசித்தார். காரைப் பார்த்ததும் யோசனையை விட்டார். பழனியில் வெயில் என்பதால் இஞ்சினில் இருந்தவளுக்கு உடம்பு தேறிவிட்டது. மார்கழியில் மட்டும் கம்பளி. அன்னக்கொடிக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். தெருவில் யாரும் அவளைப் பற்றி விசாரித்ததில்லை. கேலனுக்கு எத்தனை மைல் கொடுக்கும் என்றுதான் கேட்டார்கள். 1961இல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியார் வாசலில் நின்று தலைகளை எண்ணினார். உள்ளே நான்கு பேர் என்றார்கள். கார் நின்ற கொட்டகையிலிருந்து இருமல் கேட்டது. அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நான்கை அடித்து ஐந்தாக்கி, கல்யாணம் என்ற இடத்தில் ஆகவில்லை என்றும், தாய்மொழி ஆங்கிலம் என்றும் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.