சோணைமுத்து மாமாவின் சூடான கை

எனக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. கையைத் தொட்டுப் பார்க்காமல் யார் சொன்னாலும் நம்பமாட்டேன், மிஷின் சொன்னாலும் சரிதான். தாயில்பட்டிப் பக்கம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் நான். 'வாயாடி இசைவாணி' என்றால் இந்தச் சுற்று வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அன்று காலை பதினொரு மணிக்கு சோணைமுத்து மாமா வீட்டுக்குள் நுழைந்தேன். முப்பது வருஷப் பீடியில் நுரையீரல் கெட்டுப்போனவர். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி அய்யம்மாள் அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வா இசை! காலைல இவருக்கு வெரலெல்லாம் நீலம் பூத்து, கை சில்லுன்னு கெடந்துச்சு. பயந்தே போயிட்டேன். மிஷின அஞ்சுல வச்சேன். இப்பத் தொட்டுப் பாரு, எம்புட்டுச் சூடா இருக்கு! அசந்து தூங்குதாரு."

அஞ்சா! ரெண்டு லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

எங்கள் ஊரில் கை கால் சில்லிட்டால்தான் பயப்படுவார்கள். சூடு இருந்தால் உயிருக்குப் பயமில்லை என்று ஒரு நினைப்பு. அந்தத் தைரியத்தில் அத்தை, அரை நாள் வேலைக்காவது போவோம் என்று சேலை மாற்றிக்கொண்டு பட்டாசு கம்பெனி வேனுக்குக் காத்திருந்தாள்.

மாமாவின் கையைப் பிடித்தேன். உள்ளங்கை சிவந்து சூடாக இருந்தது. நாடி என் விரலைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவி தொண்ணூற்றெட்டு காட்டியது.

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு! பாஸு!" என்றாள் அத்தை.

மாமாவின் நுரையீரலுக்குத் தொண்ணூறு போதும் என்றிருந்தார் டாக்டர். தோளைப் பிடித்து உலுக்கினேன். அரைக்கண் திறந்தார்.

"மாமா, கம்பெனி வேன் வருது. ரெண்டு கையையும் நீட்டி நிறுத்துங்க!"

வருஷக்கணக்காக வேலைக்குப் போக ரோட்டோரம் நின்று தினமும் காட்டிய கை. உள்ளங்கை முன்னால் தெரிய நீட்டினார். ஆனால் மணிக்கட்டு நிற்கவில்லை. தொய்வதும் வெடுக்கென்று நிமிர்வதுமாக ஆடியது.

அத்தை சிரித்தாள். "நிறுத்தச் சொன்னா டாட்டா காட்டுதாரு பாரேன்!"

"சிரிக்காதீக அத்தை. இது தூக்கமில்ல, மயக்கம்."

மிஷின் குமிழைத் திருப்பப் போனேன். அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஏ, என்ன செய்யுத? மூச்ச நிறுத்தப் போறியா?"

"காலைல ஆக்சிஜன் பத்தாம வெரல் நீலமாச்சு. அது வாஸ்தவம். ஆனா அளவுக்கு மேல குடுத்தா இந்த நுரையீரலு கரியமில வாயுவ வெளிய தள்ளாது. அது ஒடம்புல தேங்குனா ரத்தக்கொளாயெல்லாம் விரிஞ்சுக்கிடும், ரத்தம் கைக்குப் பாயும். அந்தச் சூடுதான் இது. கை ஆடுறதும் மயங்குறதும் அதாலதான்."

"சூடா இருக்கவரு சாவாரா?"

"சாவாக," என்றேன். இதில் சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது. "நீங்க வேனேறிப் போயிருந்தா, சாயந்திரம் மாமா எந்திரிச்சிருக்க மாட்டாக."

அத்தையின் பிடி தளர்ந்தது. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "எம்புட்டுல வைக்கணும்?" என்று கேட்டு, தன் கையாலேயே குமிழைத் திருப்பினாள். கருவியைப் பார்த்துக்கொண்டே மெல்ல மெல்ல இறக்கினோம். மாமாவை நிமிர்த்தி உட்கார வைத்து, நூற்றெட்டுக்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரியில் முகத்தோடு இறுக்கிக் கட்டும் மூச்சு மிஷினில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் தெளிந்து பேசினார்.

பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போனபோது மாமா என்னிடம் புகார் வைத்தார். "உங்க அத்தை கஞ்சம் பிடிச்சவ இசை. மூச்சு வாங்குது, கொஞ்சம் கூட்டி வைன்னா மாட்டேங்கா."

அத்தை கட்டிலுக்கும் மிஷினுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

"முப்பது வருசமா நீங்க கேட்டப்பெல்லாம் நான்தான் ஓடிப்போய்ப் பீடி வாங்கியாந்தேன். கேட்டதக் குடுத்துக் குடுத்தே ஒங்களக் கொல்லப் பாத்துட்டேன். ரெண்டுதான். வேணும்னா என்னய நல்லா வஞ்சுக்கோங்க."

திட்டுவதற்குப் பதில், "சரி, ரெண்டே இருக்கட்டும்," என்றார் மாமா.