பொழுது சாய்வதற்குள்

அமெரிக்காவை ஆங்கிலேய மன்னர் ஆண்ட காலம். மாசசூசெட்ஸ் மலைச்சரிவில் ஹார்ட்வெல் என்று ஓர் ஊர். வெளியூரிலிருந்து வந்தவர் அங்கே ஓராண்டு தங்கிவிட்டால் அவரும் ஊர்க்காரர். பிறகு நோயில் விழுந்தாலும் பசியில் விழுந்தாலும் ஊர்தான் தாங்க வேண்டும். அது வேண்டாமென்றால், ஆண்டு முடிவதற்குள் ஊர்க்கூட்டம் ‘வெளியேறு’ என்று உத்தரவு போடும். கான்ஸ்டபிள் அதை அந்த ஆளின் முகத்துக்கு நேரே வாசித்தால்தான் செல்லும்.

மெஹிட்டபெல் அப்படி வெளியூரிலிருந்து வந்தவள், புருஷனை இழந்தவள்; கம்பளி நூல் நூற்றுப் பிழைத்தாள். மகள் டார்கஸ் குளிர் தொடங்கியதிலிருந்து இருமிக்கொண்டே இருந்தாள். கூட்டம் கை தூக்கி உத்தரவு போட்ட பிறகு, குதிரைச் சத்தம் கேட்டாலே தாய் குழந்தையை அள்ளிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிடுவாள்.

நாளையோடு அவள் வந்து ஓராண்டு முடிகிறது. இன்று சனிக்கிழமை. இந்த ஜனங்களுக்குச் சனிக்கிழமை பொழுது சாய்ந்ததுமே ஓய்வுநாள் பிறந்துவிடும்; ஞாயிறு முழுக்க நீடிக்கும். அப்புறம் விறகு வெட்டுவதே பாவம், உத்தரவு வாசிப்பது எங்கே? இந்த ஒரு மாலையைத் தாண்டிவிட்டால் போதும்.

வெளியே பனிப்புயல். கதவில் ஏதோ மோதியது.

“மெஹிட்டபெல்… கதவைத் திற…”

கான்ஸ்டபிள் கோல்பர்ன் கிழவரின் குரல். திறந்தால் அவளும் குழந்தையும் நடுத்தெருவில். திறக்காவிட்டால் விடியும்போது வாசலில் பிணம். தாழ்ப்பாளில் கை வைத்து நின்றாள். இரண்டாவது தட்டல் மெலிந்து கேட்டது. திறந்துவிட்டாள்.

கிழவரை இழுத்து அடுப்பருகே உட்கார்த்தி, விறைத்த விரல்களைத் தேய்த்து, சோளக்கஞ்சியை நீட்டினாள்.

“குதிரை பள்ளத்துல மாட்டிக்கிச்சு” என்றார். “காட்டுல ஒளியறவ யாராவது சிவப்புப் பாவாடை கட்டுவாளா? தெனமும் பார்த்தேன்.”

“பார்த்துட்டு ஏன் பிடிக்கல?”

“மூட்டு வலி.”

“இன்னிக்கு வலிக்கலையா?”

“வாசிக்காம போனா அபராதம் போடுவாங்கம்மா.”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “உங்க தாத்தா கோடாரியோட இங்க வந்தப்ப, இந்த மண்ணோட பூர்வகுடி நிப்மக் ஜனங்க இப்படி ஒரு காகிதம் வாசிச்சாங்களா, ஐயா?”

கிழவர் கைகளை நெருப்பில் காட்டினார். “வாசிச்சிருந்தா நான் ஏன் இங்க நனையறேன்?” சட்டைக்குள்ளிருந்து உத்தரவுக் காகிதத்தை எடுத்தார். “என் கண்ணு எரியுது. பொழுது சாய்ஞ்சிடுச்சா பாரு.”

சன்னல் பலகையை விலக்கினாள். புயல் ஓய்ந்திருந்தது. மேற்கே மலைமேல் மெல்லிய சிவப்புக் கோடு. சாய்ந்துவிட்டது என்று ஒரு சொல் போதும். மறுத்துச் சொல்ல யாருமில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் டார்கஸ் இருமினாள்; எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். நாக்கு நுனிவரை வந்த பொய் அங்கேயே நின்றது.

“இன்னும் இல்லை” என்றாள். “கொஞ்சம் இருக்கு.”

கிழவர் அவளைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு காகிதத்தை விரித்தார். தேவாலயத்தில் மூச்சு விடாமல் வாசிப்பவர் என்று பேரெடுத்தவர், இப்போது எழுத்தெழுத்தாகக் கூட்டினார்.

“மாட்சிமை… தங்கிய… மன்னரின்…” இருமினார். கஞ்சியைக் குடித்தார். “எங்க விட்டேன்? முதல்லேர்ந்து வாசிச்சாத்தான் முறை. மாட்சிமை… தங்கிய…”

மெஹிட்டபெலுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது மூச்சுவிடவும் பயமாக இருந்தது. குழந்தையை இறுக்கிக்கொண்டு மலைமேலேயே கண்ணை வைத்திருந்தாள். சிவப்புக் கோடு நூலாகி, அறுந்து, அணைந்தது.

அவள் பெயர் வரும் வரிக்கு அவர் இன்னும் வந்திருக்கவில்லை.

“போயிடுச்சு” என்றாள் மெதுவாக.

காகிதத்தை மடித்தார். “அப்ப ஓய்வுநாள். இனி வாசிச்சா பாவம்.”

“திங்கக்கிழமை கேட்பாங்களே, என்ன சொல்வீங்க?”

“ஆரம்பிச்சேன்னு சொல்வேன். அது பொய்யில்லையே.”

அவள் அடுப்பருகே ஆட்டுத்தோலை உதறி, அவருக்குப் படுக்க விரித்தாள்.