துகாவின் எண்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு படிவத்தின் ஏழாவது கட்டத்திலிருந்து கிடைத்தது. இர்பித் நகரத்தில் எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுக்காரி இன்திஸார், மருத்துவமனையில் ரத்தம் எடுப்பவள். பதின்வயதுப் பிள்ளைகளின் மனச்சோர்வை ரத்தத்தை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா என்று அங்கே ஓர் ஆய்வு நடக்கிறது. ரத்தத்தில் வரும் எண் ஒரு கோட்டுக்கு மேலே போனால் மனச்சோர்வு, கீழே இருந்தால் இல்லை என்று கணக்கு. பெருநாள் கழிந்த இரண்டாம் வாரம் மேலே ஏறி வந்தவள், "ஒரு தப்புப் பண்ணிட்டேன். எங்கயும் எழுதித் தொலைக்காதே" என்றாள். எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "துயரத்தின் நிறம் சிவப்பென்றால்…" [அடித்துவிட்டேன். இன்திஸார் படித்தால் சிரிப்பாள்.]

இரண்டாவது தொடக்கம்: "ரமலானில் ரத்தம் எடுக்கலாம் என்பது மேலிடத்து யோசனை." இதுவே போதும். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தம். ஊரே நோன்பு. காலையில் எதையும் தின்றுவிட்டு வராதே என்று பிள்ளைகளிடம் மன்றாட வேண்டியதில்லை. எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள், இன்திஸாரும்தான்.

2.

துகாவுக்குப் பதினாறு வயது. அப்பா அபூ நிஸாரோடு வந்தாள்.

"நோன்புதானே?" என்று இன்திஸார் கேட்டாள்.

துகா அப்பாவைப் பார்த்தாள். "ஆமா."

இன்திஸார் படிவத்தில் டிக் அடித்தாள். அபூ நிஸார் போன் பேச வெளியே போனதும், ஊசிக்குப் பயப்படாமல் இருக்கட்டும் என்று பேச்சுக் கொடுத்தாள். "என்னதான் பண்ணுது உனக்கு?"

"கண்ணு முழிச்சா, ஏன்டா முழிச்சோம்னு இருக்கு. தலை சீவணும்னு நெனச்சாலே அழுகை வருது. ஸ்கூல் தொறந்ததுலேருந்து இப்படித்தான். வீட்ல சோம்பேறிங்கறாங்க. நான் சோம்பேறி இல்ல சித்தி."

[இந்த வசனம் நீளமோ? எண் வரும் இடத்துக்குக் கதை சீக்கிரம் போயாக வேண்டும். இப்போதைக்கு இருக்கட்டும், பிறகு வெட்டலாம்.]

3.

ஆய்வின் முடிவுகளைக் குடும்பத்தாருக்குக் கொடுப்பதில்லை என்பது விதி. ஆனால் அபூ நிஸாரின் மாமன் மகன் ஒருவன் அந்த மருத்துவமனையில் இருக்கிறான். யாருக்குத்தான் இல்லை? துகாவின் எண் அவர் போனுக்கு வந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே.

பெருநாள் முடிந்ததும் இன்திஸாரைத் தேடி வந்தார். "ஒண்ணுமில்லைன்னு ரத்தமே சொல்லிடுச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை மனநல டாக்டர்கிட்ட போறதா இருந்தோம். வேணாம்னுட்டேன்."

"டாக்டர் அவகிட்ட பேசிப் பாத்துத்தானே சொல்லணும்?"

"தங்கச்சி, நான் வண்டிச் சக்கரம் பாக்கறவன். ஓட்டுறவன் பேச்சக் கேட்டு வேலை செய்யறதில்ல. மெஷின்ல ஏத்துவேன், நம்பர் வரும், முடிஞ்சுது."

இது இன்னும் ஆய்வுதான், இந்த எண்ணை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்றாள் இன்திஸார்.

"அப்ப எதுக்கு எம் பொண்ணு கையில குத்துனீங்க?"

[இன்திஸாருக்கு ஒரு நல்ல பதிலை எழுதிக்கொடுக்க ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை.]

4.

அவர் போனபின் இன்திஸார் துகாவின் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். ஏழாவது கட்டம்: கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி. அதைப் பெண்பிள்ளைகள் தனியே உட்கார்ந்து நிரப்புவார்கள். துகா எழுதியிருந்தது, ரத்தம் கொடுத்ததற்கு முந்தைய நாள்.

அந்த நாட்களில் நோன்பு கிடையாது. ஆனால் அதை அப்பன் முன்னால் எந்தப் பெண்ணும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, எல்லோரோடும் நோன்பு திறக்க உட்காருவாள். இன்திஸாரே வருஷக்கணக்கில் அப்படித் தின்றவள். அவளே போய் அப்பனை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். "என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்றாள் என்னிடம்.

துகாவுக்குப் போன் போட்டாள். "அன்னிக்குக் காலைல என்ன சாப்ட்டே?"

"ரெண்டு ரொட்டி. டீ, மூணு சக்கரை போட்டு."

"ஏன்டி சொல்லல?"

"அப்பா நின்னாரே சித்தி."

5.

மறுநாள் காலை இருவரையும் வரச் சொன்னாள், துகாவை வெறும் வயிற்றில். "அந்த ரத்தம் செல்லாது, அபூ நிஸார். வெறும் வயித்துல எடுத்தது இல்ல."

"எம் பொண்ணு நோன்பு விடறவ இல்ல."

"விடல. தப்பு என்னுது. கேக்கக் கூடாத இடத்துல கேட்டுட்டேன்."

அவருக்கு மனைவியும் மூன்று பெண்களும் இருக்கிறார்கள். புரிந்துவிட்டது. காது சிவந்தது. சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே, "திரும்ப எடுங்க. நம்பர் மேல இருந்தா டாக்டர். கீழ இருந்தா இந்தப் பேச்சே வேணாம்" என்றார்.

துகா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். "கம்மியா வந்தா, நான் நல்லா இருக்கேன்னு அர்த்தமா சித்தி?"

இன்திஸார் ரப்பர் பட்டையை இறுக்கினாள்.

6.

முடிவுகள்.

அ) எண் மேலே. அபூ நிஸார் மகளைக் கட்டிக்கொண்டு அழுகிறார். [சினிமா.]

ஆ) எண் கீழே. துகா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். மறுநாள் காலையில் கண் விழித்து [இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.]

நிஜத்தில் இரண்டாவது எண் வந்துவிட்டது. இன்று காலை இன்திஸார் சொன்னாள். அபூ நிஸாருக்கு இன்னும் தெரியாது. இந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

சொன்னால் நீங்களும் அதைப் பார்த்துவிட்டுத்தான் அவளை நம்புவீர்கள். தனக்கு என்ன செய்கிறது என்று துகா இரண்டாம் பகுதியிலேயே சொல்லிவிட்டாள். நான் அதை வெட்டப் பார்த்தேன். நீங்கள் எண்ணைத் தேடி அதைத் தாண்டி வந்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் இருப்பார். அவளைக் கூட்டிப் போவதா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்.